மூடுமுன் ஒரு படம்

கட்டிடத் தொழிலுக்கும் பிற கைத்தொழில்களுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. தச்சர் செய்த நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம். தையற்காரர் தைத்த சட்டையின் உட்புறத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கட்டிட வேலையிலோ, எது மிகவும் இன்றியமையாததோ அதுவே முதலில் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. கடைக்காலை மண் மூடுகின்றது. கம்பியைக் கான்கிரீட் மூடுகின்றது. குழாயைப் பூச்சு மூடுகின்றது. வீட்டுக்குரியவர் இறுதியில் காண்பது சுண்ணமும் வண்ணமுமே. ஆனால், பணம் கேட்கும் வேளையிலும் குறை சொல்லும் வேளையிலும் பேச்செல்லாம் அந்த மறைந்துபோன பகுதியைப் பற்றியே எழுகின்றது.

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வேலை எடுத்துச் செய்யும் நம்மவருள் பலர் பெரிய நிறுவனத்தார் அல்லர். ஒரு மேஸ்திரி, மூன்று நான்கு கொத்தனார்கள், சில சித்தாட்கள், பழகிய கம்பிக்காரர் ஒருவர், குழாய் வேலைக்காரர் ஒருவர் என்ற அளவில் அவர்களுடைய படை நின்றுவிடும். ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ச்சொல். கணக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில். இத்தகையோர் கையிலும் இன்று புகைப்படக் கருவியோடு கூடிய தொலைபேசி இருக்கின்றது. அதைக்கொண்டு அவர்கள் முடிந்த வேலையின் அழகிய தோற்றத்தைப் படம் எடுக்கின்றனர். அப்படம் அடுத்த வேலையைப் பிடிக்க உதவும். நடந்த வேலைக்குச் சாட்சி சொல்ல உதவாது. சாட்சி வேண்டுமானால், மூடப்படும் வேலையை மூடுவதற்கு முன்பே படம் எடுத்தாக வேண்டும். இவ்வுரையில் சொல்ல வந்தது இது ஒன்றே.

இதற்கு முன்னோடி தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து ரயிலேறி மும்பைக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் லோணாவளா, கண்டாலா தாண்டி, போர்காட் என்னும் மலைச்சரிவின் வழியே கர்ஜத்துக்கு இறங்கியவர்களே. ஊருக்குத் திரும்பும்போது கர்ஜத்தில் வண்டியின் பின்னால் துணை எஞ்சின்கள் பூட்டப்படுவதையும், அந்த இடைவேளையில் நாம் வடை வாங்க விரைவதையும் யாவரும் அறிவர். அந்த ஏற்றப் பாதையைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களுள் ஒரு பெண்மணியும் இருந்தார் என்பதைச் சிலரே அறிவர்.

கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேக் கம்பெனி, தன் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லியின் திட்டப்படி, 1856இல் போர்காட் வேலையைத் தொடங்கியது. ஏறத்தாழ 16 மைல் நீளத்துக்குள் 1,831 அடி உயரம் ஏற வேண்டும். 25 குகைகளைக் குடைய வேண்டும். பள்ளத்தாக்குகளைக் கடக்க 8 பெரும் வளைவுப் பாலங்கள் எழுப்ப வேண்டும். வேலை மும்முரமாக நடந்த 1861இல் 42,000 பேருக்கு மேல் அங்கே உழைத்தனர் என்றால் அதன் அளவை நாம் ஊகிக்கலாம். காலரா நோயால் மாண்டவர் தொகையும் பெரிது.

முதலில் வேலையை எடுத்தவர் ஃபேவியல் என்னும் ஒப்பந்தக்காரர். கூலி நிலுவையின் காரணமாக 1859 தொடக்கத்தில் தொழிலாளரிடையே கலகம் மூண்டது. அவ்வாண்டிலேயே அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். சில காலம் கம்பெனிப் பொறியாளர்களே வேலையை நடத்தினர். பிறகு சாலமன் டிரெட்வெல் என்பவர் ஒப்பந்தம் பெற்று இங்கிலாந்திலிருந்து வந்தார்; வந்த சில வாரங்களுக்குள்ளேயே காலமானார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அம்மையார் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்றுக்கொண்டு, ஆடம்சன், கிளௌசர் என்னும் இரு பொறியாளரைக் கொண்டு வேலையை நடத்தி முடித்தார். 1863 ஏப்ரலில் அப்பாதை திறக்கப்பட்டது. 1871இல் இவ்வழி ராய்ச்சூரில் சென்னை ரயில்வேயோடு இணைந்தது. தமிழ்நாட்டுக்கும் பம்பாய்க்கும் இடையே ரயில் தொடர்பு உண்டாயிற்று.

இந்த அம்மையாரின் பெயரால் போர்காட் வேலையைக் காட்டும் புகைப்படத் தொகுதி ஒன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது. அக்காலத்துப் புகைப்படக் கலை இன்றையதைப் போல எளிதன்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலர்வதற்கு முன்பே படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும் என்பது அந்நாளில் பெரிதும் வழங்கிய முறை. மலைச்சரிவில், மழையிலும் வெயிலிலும், இத்தனை தொல்லைப்பட்டு ஓர் ஒப்பந்தக்காரர் தம் வேலையைப் படமாக்கி வைத்தார் என்பது வியப்புக்குரியது. அதே காலப்பகுதியில் இங்கிலாந்தில் டெலமோட் என்பவர், சைடன்ஹாமில் பளிங்கு மாளிகை மீண்டும் எழுப்பப்பட்டதைத் தொடர்ந்து படம் எடுத்துவந்தார். ஆகவே வேலையைப் படமாக்கும் வழக்கம் ஒப்பந்தத் தொழிலுக்குப் புதியதன்று. ஏறத்தாழப் புகைப்படக் கலையின் வயதே அதற்கும் உண்டு.

கதை இத்துடன் முடியவில்லை. திறப்பு விழா நடந்து நான்கே ஆண்டுகளில், 1867ஆம் ஆண்டு மழைக்காலத்தில், போர்காட்டின் பெரும் பாலங்களுள் ஒன்றான மௌ-கி-மல்லி வளைவுப் பாலம் இடிந்து வீழ்ந்தது. கல் வேலையின் தரக்குறைவே காரணம் என்று தெரியவந்தது. கல் கட்டிடம் அறிந்தவர்களுக்கு இது விளங்கும். பெரிய சுவர்களிலும் தூண்களிலும் வெளிமுகத்தில் செதுக்கிய கற்கள் இருக்கும். உள்ளே உடைகல்லும் சுண்ணச்சாந்தும் நிரப்பப்படும். ஒரு முகத்திலிருந்து உள்ளே ஆழமாகச் சென்று பிணைக்கும் நீளக் கற்கள் போதிய அளவு இல்லாவிட்டாலும், உள்நிரப்பில் சாந்து குறைந்து பொந்து விழுந்திருந்தாலும், முகம் மட்டும் கம்பீரமாக நிற்கும். மழைநீர் உள்ளே புகும் நாள் வரையில் எவருக்கும் ஐயம் எழாது.

வெளித்தோற்றத்தைப் படம் எடுத்து வைத்தால் இத்தகைய குறை தெரியுமா? தெரியாது. அந்த வேலை மூன்று கைகள் மாறியது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எந்தத் தூணின் எந்த வரிசைக் கல் யாருடைய காலத்தில் வைக்கப்பட்டது என்ற கேள்வி எழுந்தால், அந்தந்த வரிசை திறந்திருந்த நாளில் எடுத்த படம் அன்றி வேறு எது விடை சொல்லும்? பாலத்தின் முழு உருவப்படம் நூலகத்துக்கு அணிகலன். பாதி எழும்பிய தூணின் உள்நிரப்பைக் காட்டும் அழகற்ற படமே ஒப்பந்தக்காரருக்குக் கவசம்.

அரசாங்க வேலை எடுத்துப் பழகியவர்கள் இக்கருத்தை வேறொரு வடிவில் அறிவார்கள். மத்தியப் பொதுப்பணித்துறையின் ஒப்பந்த விதிகளில், அளவெடுக்க முடியாதவாறு எந்த வேலையையும் மூடுவதற்கு முன், பொறுப்புப் பொறியாளருக்கு ஏழு நாட்களுக்குக் குறையாமல் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்று நெடுங்காலமாக ஒரு விதி இருந்துவருகின்றது. அறிவிப்பின்றி மூடினால், ஒப்பந்தக்காரர் தம் செலவில் அதைத் திறந்து காட்ட வேண்டும். இல்லையேல் அவ்வேலைக்குப் பணம் கிடையாது. மூடிய வேலை செய்யப்படாத வேலைக்குச் சமம் என்பதே இவ்விதியின் பொருள். அரசாங்க வேலையில் அளவுப் புத்தகமும் பொறியாளரின் கையொப்பமும் உண்டு. தனியார் வீட்டு வேலையில் இவை இரண்டும் இல்லை. அங்கே அளவுப் புத்தகத்தின் இடத்தைப் படம்தான் நிரப்ப வேண்டும்.

மாட்டுங்காவை எடுத்துக்கொள்வோம். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு நிறுவப்பட்டது. அதன் தாதர்–மாட்டுங்கா விரிவுத் திட்டத்தில் எழுந்த வீடுகளில்தான் தென்னிந்தியக் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிலும் நிற்கும் அக்கட்டிடங்கள் பலவற்றுக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது. ஆகவே அங்கே இன்று நடப்பது புது வேலையைவிடப் பழுதுபார்ப்பு வேலையே மிகுதி. பழுதுபார்ப்பு வேலையில் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது? பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்தான். எத்தனை சதுர அடிப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்கள், எத்தனை அடிக் கம்பியின் துருவைத் தேய்த்தார்கள், எத்தனை அடிக்குப் புதுக் கம்பி சேர்த்தார்கள் என்பதே கணக்கு. புதுப்பூச்சு ஏறி வண்ணமும் அடித்த பின், உத்தரத்தில் இரண்டு அடி கொத்தினாரா இருபது அடி கொத்தினாரா என்று யாரால் சொல்ல முடியும்? கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் நேர்மையான மனிதராகவே இருக்கலாம். அவர் அன்று அலுவலகம் சென்றிருந்தார், பார்க்கவில்லை. சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் கேட்கும்போது அவருக்கும் ஒரு சான்று வேண்டுமன்றோ? கொத்திய பரப்பின் மேல் அளவு நாடாவை விரித்து எடுத்த படம் மேஸ்திரியை மட்டுமன்று, செயலாளரையும் காப்பாற்றுகின்றது.

செம்பூரில் வேறு வகை. திலக் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டுப் புதியன எழுந்துவருகின்றன. மும்பை மாநகராட்சிச் சட்டப்படி, முப்பது ஆண்டு கடந்த கட்டிடங்களுக்கு உறுதிநிலை ஆய்வு நடத்த வேண்டும். அந்த ஆய்வில் பொறியாளர் முதலில் அறிய விரும்புவது, தூணுக்குள் என்ன கம்பி, எத்தனை கம்பி, கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே எவ்வளவு கான்கிரீட் என்பவையே.

இந்த இடைவெளியைத் தொழிலாளர் ‘கவர்’ என்பர். கடற்காற்று வீசும் மும்பையில் கட்டிடத்தின் ஆயுள் இதில் அடங்கியிருக்கின்றது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காத்துவருகின்றது. உப்பும் ஈரமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் சிறுகச் சிறுக உட்சென்று அக்காப்பைக் கெடுக்கின்றன. கவர் எவ்வளவு குறைவோ அவ்வளவு விரைவில் அவை கம்பியை எட்டும். இரும்பு துருவாக மாறும்போது பருமன் பன்மடங்கு பெருகுகின்றது. பெருகிய துரு சுற்றிலுமுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகின்றது. நம் சமையலறைக் கூரையிலிருந்து பூச்சுக் கட்டி பாத்திரத்தில் விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. இந்தியத் தர நிறுவனத்தின் 456ஆம் எண் விதித்தொகுப்பு, தூணுக்கு 40 மில்லிமீட்டருக்கும், கடைக்கால் தளத்துக்கு 50 மில்லிமீட்டருக்கும் குறையாத கவர் வேண்டும் என்கின்றது. கடுமையான சூழலுக்கு 45 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கேட்கின்றது. இதற்காகவே கம்பிக்கும் பலகைக்கும் இடையே சிறு கட்டைகள் வைக்கிறோம். வைத்தோம் என்பதை எப்படிக் காட்டுவது? கான்கிரீட் ஊற்றிய பின் காட்ட வழியில்லை. சென்ட்ரிங் பலகை அடைக்குமுன், கட்டைகள் தெரியுமாறு, அளவு நாடா பிடித்து எடுத்த ஒரு படம் முப்பது ஆண்டு கழித்தும் பேசும்.

குளியலறை வேலைக்கு வருவோம். மும்பையில் அண்டை வீட்டாரிடையே பகையை வளர்ப்பதில் இதற்கு இணை வேறில்லை. மேல் வீட்டுக் குளியலறைத் தளத்தில் ‘கோபா’ என்னும் செங்கல் சல்லிக் காப்பு இட்டு, சரிவு கொடுத்து, அதன்மேல் ஓடு பதிப்பது இந்நகர வழக்கம். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் கீழ் வீட்டுக் கூரை ஈரம் கசிகின்றது. “என்ன மேஸ்திரி, நீங்கள் போட்ட தளம் இப்படி ஒழுகுகிறதே!” என்று அழைப்பு வருகின்றது. ஒழுகுவது தளமா, சுவருக்குள் செல்லும் குழாயா, பக்கத்து வீட்டார் பின்னர் மாற்றிய கழிவுக்குழாயா என்பது எவருக்கும் தெரியாது. மேஸ்திரியிடம் கோபா இட்டதன் படமும், அதன்மேல் நாள் கணக்காக நீர் தேக்கிச் சோதித்ததன் படமும், சுவரைப் பூசுமுன் குழாய் ஓடிய வழியின் படமும் இருந்தால், பேச்சு வசையில் தொடங்காமல் ஆய்வில் தொடங்கும். குழாய்ப் படத்துக்கு மற்றொரு பயனும் உண்டு: பின்னொரு நாள் சுவரில் ஆணி அடிக்க வருபவர் எங்கே துளையிடக் கூடாது என்று அதைப் பார்த்து அறியலாம்.

தாராவியில் இத்தொழிலின் இயல்பே மாறிவிடுகின்றது. அங்கே ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டின் சுவராகவும் இருக்கும். சந்து மூன்றடி அகலம். பொருளெல்லாம் தலைச்சுமையில் வர வேண்டும். பழைய வீட்டைப் பிரித்துப் புதியதை எழுப்பி முடிக்கும் வரை குடும்பம் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும். வேலை விரைவாக நடக்க வேண்டிய இடம். எழுத்து வேலைக்கு நேரமில்லாத இடம். ஆயினும் படத்தின் மதிப்பைத் தாராவி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு நடந்து குடும்பங்களுக்குப் புகைப்படத்தோடு கூடிய அட்டை வழங்கப்பட்டது. ‘போட்டோபாஸ்’ என்று வழங்கும் அந்த அட்டையைப் பெட்டிக்கு அடியில் பட்டுச்சேலையோடு சேர்த்துப் பாதுகாத்துவரும் திருநெல்வேலிக் குடும்பங்கள் எத்தனையோ. இந்நாளில் இந்த இடத்தில் இந்த வீட்டில் நாம் இருந்தோம் என்பதற்கு அது சான்று. மறுகுடியமர்த்தும் திட்டங்களில் இன்னின்ன தேதிக்கு முன் என்று வரம்பு கட்டும்போதெல்லாம் அப்படிப்பட்ட சான்றுகளின் அருமை தெரிகின்றது.

அதே அறிவை வேலைத் தலத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தாராவியில் முதற் படம் கடப்பாரை படுவதற்கு முன்னரே எடுக்கப்பட வேண்டும். அண்டை வீட்டுச் சுவரில் ஏற்கெனவே விரிசல் இருக்கின்றதா, அவர்களுடைய கழிவுநீர் எந்த வழியே போகின்றது, மின்கம்பி எங்கே தொங்குகின்றது ஆகியவற்றை, அவ்வீட்டாரையும் அருகில் அழைத்து வைத்துக்கொண்டு படம் எடுப்பது நன்று. “அக்கா, வேலை தொடங்குமுன் இந்தச் சுவரைப் படம் எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்கும் ஒரு படி அனுப்பிவிடுகிறேன்” என்று சொன்னால் மறுப்பவர் அரியர். வேலை முடிந்தபின் பழைய விரிசல் புதிய விரிசலாக உருமாறும் விந்தை அப்போது நிகழாது. ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுவோம்: அனுமதியின்றி எழுப்பிய தளத்தை ஆயிரம் படங்கள் எடுத்தாலும் சட்டப்படியான தளம் ஆக்க முடியாது. இங்கே பேசப்படுவது உழைப்புக்கான சான்றைப் பற்றி மட்டுமே.

கூடுதல் வேலை என்பது மற்றொரு சிக்கல். கடைக்காலைத் தோண்டும்போது பழைய சாக்கடை குறுக்கிடுகின்றது. நான்கடி தோண்டப் பேசியது ஏழடி ஆகின்றது. “செய்யுங்கள் மேஸ்திரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் வீட்டுக்காரர். அந்தப் ‘பிறகு’ வரும்போது குழியும் இல்லை, சாக்கடையும் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 70ஆம் பிரிவில், ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி, சட்டப்படி மற்றொருவருக்காக ஒன்றைச் செய்து, அவர் அதன் பயனைத் துய்த்தால், ஈடு தர வேண்டும் என்று கூறுகின்றது. சட்டம் இருக்கின்றது, செய்தார் என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் மேஸ்திரி. ஏழடிக் குழியில் மட்டக்கோலை நிறுத்தி எடுத்த படத்தை அன்று மாலையே வீட்டுக்காரருக்கு அனுப்பி, “சாக்கடை வந்ததால் ஏழடி தோண்டியிருக்கிறோம், மூன்றடி கூடுதல், நாளைக் காலை கான்கிரீட்” என்று ஒரு வரியும் எழுதிவிட வேண்டும். படம் மட்டும் போதாது. கூலி விகிதத்தையோ வீட்டுக்காரரின் இசைவையோ எந்தப் படமும் காட்டாது. அந்த ஒரு வரியும், அதற்கு அவர் தரும் விடையுமே காட்டும். பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலையில், வேலை செய்து முடித்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். ஆதலால் படங்களை அதற்குள் அழித்துவிடலாகாது.

படம் எடுக்கும் முறையைப் பற்றிச் சிறிது. தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று என இரண்டு வேண்டும். அருகிலிருந்து எடுத்த கம்பிப் படம் எந்த வீட்டுக் கம்பியாகவும் இருக்கலாம். சன்னலோ படிக்கட்டோ தெரியும் தூரப்படமே அதற்கு முகவரி தருகின்றது. அளவு நாடா இல்லாத படம் பாதிப் படம். பள்ளிப் பிள்ளையின் சிலேட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தேதி, மாடி, தூணின் எண் ஆகியவற்றைச் சுண்ணக்கட்டியால் எழுதி ஓரத்தில் நிறுத்தினால், பின்னால் நினைவைக் கசக்க வேண்டுவதில்லை. வேலை வளர வளர ஒரே இடத்திலிருந்து எடுத்துவருவதும் பயன் தரும்.

எடுத்த படத்தை மூல உருவிலேயே வைத்திருக்க வேண்டும். வாட்ஸப் வழியே அனுப்பும்போது படம் சுருங்கிவிடுகின்றது. எடுத்த நேரம், கருவி முதலிய உட்குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. வீட்டுக்காரருக்கு அவ்வழி அனுப்புவதில் தவறில்லை. தம்மிடமுள்ள மூலத்தை மட்டும் அழிக்கலாகாது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க ஒரு சான்றிதழைக் கேட்கின்றது. முன்னர் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65-பி பிரிவில் இருந்த ஏற்பாடே இங்கு விரிவாக்கப்பட்டுள்ளது. அதைத் தயாரிப்பது வழக்கறிஞரின் வேலை. ஆனால், படம் எடுத்த தொலைபேசியை விற்றுவிட்ட மேஸ்திரிக்கு வழக்கறிஞரால் அதிகம் உதவ முடியாது. உண்மையில் இத்தகைய பூசல்களில் மிகச் சிலவே நீதிமன்றம் வரை செல்லும். படத்தை மேசைமேல் வைத்த அளவில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

படம் எதைக் காட்டாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கலவையில் சிமெண்டு எவ்வளவு, கான்கிரீட் எத்தனை வலிமை என்பதைப் படம் சொல்லாது. அதற்கு 150 மில்லிமீட்டர் கன அச்சுகளில் வார்த்து 28ஆம் நாள் சோதிக்கும் முறை இருக்கின்றது. மேலும் படம் எடுத்தவருக்கு மட்டுமே அது அடிமை அன்று. கம்பி விலகியிருந்தால் விலகியிருப்பதாகவே காட்டும். அப்போது செய்யத்தக்கது கம்பியைத் திருத்திக் கட்டி மீண்டும் ஒரு படம் எடுப்பதே. முதற் படத்தை அழிப்பதில் பயனில்லை. குறையைக் கண்டு திருத்தினார் என்பதற்கு அவ்விரண்டு படங்களும் சேர்ந்தே சான்று. கான்கிரீட் ஊற்றுமுன் படம் எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, ஊற்றுமுன் ஒரு முறை நின்று பார்க்கச் செய்கின்றது. சான்றைவிட இப்பயனே பெரிது என்று நான் கருதுகின்றேன்.

மும்பையில் வாழ்ந்துகொண்டு ஊரில் வீடு கட்டுவோர் நம்முள் மிகப் பலர். அவர்களுக்கு இதே செய்தி மறுபுறத்திலிருந்து பொருந்தும். சங்கரன்கோவில் பக்கத்திலோ நாங்குநேரிப் பக்கத்திலோ வீடு எழும்புகின்றது. பணம் மாதந்தோறும் செம்பூரிலிருந்து செல்கின்றது. தம்பியோ மைத்துனரோ அனுப்பும் படங்களில் வீட்டு முகப்பும், நிலை வைத்த அன்று கட்டிய மாவிலைத் தோரணமும் இருக்கும். மகிழ்ச்சிதான். ஆனால், கேட்டு வாங்க வேண்டியவை வேறு. கடைக்காலின் ஆழம் நாடாவோடு, தூண் கம்பி வளையங்களின் இடைவெளி, தளம் போடுமுன் கம்பிக்கு அடியில் வைத்த கட்டைகள், தளம் போட்டபின் ஏழு நாட்களுக்குக் குறையாமல் நீர் தேங்கி நிற்கும் காட்சி ஆகிய இவற்றைக் கேளுங்கள். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டத்தில், வேலையின் நிலைகளை இடக்குறிப்போடு படம் எடுத்துப் பதிவு செய்தே தவணைப் பணம் விடுவிக்கப்படுகின்றது. அரசாங்கம் தன் பணத்துக்குக் கேட்கும் சான்றை நாம் நம் சேமிப்புக்குக் கேட்பதில் மைத்துனர் மனம் நோக இடமில்லை. தொடக்கத்திலேயே “மச்சான், இந்த இந்த நிலையில் படம் வேண்டும்” என்று சொல்லிவிட்டால், பின்னால் அது ஐயப்பாடாகத் தோன்றாது.

தொழிலாளர் பக்கமும் ஒன்று உண்டு. கட்டிடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற, முந்திய பன்னிரண்டு மாதங்களில் 90 நாட்களுக்குக் குறையாமல் கட்டிட வேலை செய்திருக்க வேண்டும். இன்று ஒருவரிடமும் நாளை ஒருவரிடமும் வேலை செய்யும் சித்தாளுக்கு இதைக் காட்டுவது எளிதன்று. வேலை முடிந்த மாலையில், அவர்கள் இசைவோடு, தேதி எழுதிய சிலேட்டுடன் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்து வைப்பது, மேஸ்திரி தரும் சான்றிதழுக்கு வலு சேர்க்கும். கூலிக் கணக்கிலும் எத்தனை ஆள் என்ற வாதம் எழாது.

இசைவு என்ற சொல் வந்ததால் அதையும் கூறி முடிப்போம். குடும்பம் வாழும் வீட்டில் வேலை செய்யும்போது, பூசையறை, படுக்கையறை, வீட்டுப் பெண்கள், குழந்தைகள் ஆகியோர் படத்தில் விழாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்; எடுத்ததை வேறெவருக்கும் அனுப்புமுன் வீட்டாரைக் கேட்க வேண்டும். செம்பூரை அடுத்த டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையத்திலோ, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலோ வேலை எடுத்தவர்கள் கருவியை வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டும். அங்கே படம் எடுப்பது குற்றமாகும். அத்தகைய இடங்களில் அளவுப் புத்தகத்தில் பொறியாளரின் கையொப்பத்தை அன்றன்றே, மூடுமுன் வாங்கிவிடுவதே வழி.